தோணிக்கும் வாயிலுக்கும் இடையே

நீர்வழிச் செலவு தமிழிலக்கியத்திற்குப் புதியதொரு பொருளன்று. உப்பைக் கொடுத்து நெல்லை ஏற்றிவந்த படகுகள், பந்தியில் கட்டிய குதிரைகளைப்போலக் கழிக்கரையில் வரிசையாகப் பிணிக்கப்பட்டிருந்த காட்சியைப் பட்டினப்பாலை நமக்குக் காட்டுகிறது. குறுந்தொகையின் 324ஆம் பாட்டிலே, முதலை வழிமறிக்கும் பெருங்கழியை நீந்திக் கடந்து தலைவியைக் காண வருகிறான் தலைவன். அவன் வருவதை நினைந்து அவள் கலங்குகிறாள். இருவருக்கும் நடுவே நிற்கும் தோழியோ, இரட்டைப் பிள்ளைகள் இருவரும் நஞ்சுண்ணக் கண்ட தாயின் நிலையில் இருக்கிறாள். அவ்வுவமையால் பெயர்பெற்ற கவைமகனார் என்னும் புலவர், கழியைக் கடப்பவனின் வீரத்தைப் பாட முற்படவில்லை. கரையில் நின்று நடுங்குபவளின் நெஞ்சையே பாடுகிறார். நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல் என்று நம் முன்னோர் வகுத்ததன் பொருத்தம் இங்கே விளங்கும். நீர்வழிச் செலவில் செல்பவரைக் காட்டிலும், கரையில் இருப்பவரே இலக்கியத்திற்கு இன்றியமையாதவர் என்பது அவர்கள் கண்ட உண்மை.

இவ்வுண்மையைக் கைவிளக்காகக் கொண்டு வங்காளத்தின் நீர்வழி இலக்கியத்துள் புகுவது நம் நோக்கம். கங்கைக் கரையில் குடியமர்ந்த நமக்கு இது வெளியார் ஆராய்ச்சியன்று. ஜோயார், பாட்டா என்னும் சொற்கள் நம் வீடுகளில் தமிழோடு தமிழாகக் கலந்துவிட்டன. பாபுகாட் படித்துறையில் நீர் ஏறுவதையும் வற்றுவதையும் நம் பிள்ளைகள் பார்த்து வளர்கிறார்கள். பள்ளியில் இரவீந்திரரையும் வீட்டில் பாரதியையும் படிக்கும் அப்பிள்ளைகளுக்கு இரண்டு இலக்கியங்களும் உரிமையுடையவை. ஆயினும், வங்க இலக்கியத்தின் ஆறுகளைப் பற்றி நாம் பேசும்போது நிலவையும் பாய்மரத்தையும் படகோட்டியின் பாட்டையும் புகழ்ந்துவிட்டு அமைந்துவிடுகிறோம். அப்புகழ்ச்சி பொய்யன்று, ஆனால் போதாதது.

நீர்வழியே உறவினரைக் காணச் செல்லும் கதைகளை மதிப்பிடுவதற்கு வேறோர் அளவுகோல் வேண்டும் என்று நாம் கருதுகிறோம். தோணி நின்ற இடத்திற்கும் உறவினர் வீட்டு வாயிலுக்கும் இடையே சிறிதளவு சேற்று நிலம் கிடக்கிறது. கதையின் உண்மை பெரும்பாலும் அங்கேதான் வெளிப்படுகிறது. தோணியை ஓட்டிவந்தவர் யார்? சேற்றில் கைகொடுத்து இறக்கியவர் யார்? விருந்தினர் திரும்பிய பின்னர்த் துறையில் நின்றவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தரும் படைப்பே நீர்வழி இலக்கியத்துள் நிலைபேறுடையது என்பது நம் கருத்து.

கயிறு இழுத்த தோள்

முதற்கண் நம் மொழியிலிருந்தே ஒரு சான்று காண்போம். கடலோரமாகச் செல்லும் நீர்வழி தமிழகத்திலும் உண்டு. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்ட கால்வாய், பின்னர் வடக்கேயும் தெற்கேயும் நீண்டு, காக்கிநாடாவையும் மரக்காணத்தையும் இணைக்கும் நெடுவழியாயிற்று. 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தின்போது, பசித்தவர்க்கு வேலை தரும் பொருட்டு, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி தோண்டப்பட்டது. 1878இல் அது பக்கிங்காம் கால்வாய் என்னும் பெயர் பெற்றது. விறகும் உப்பும் நெல்லும் அவ்வழியே சென்னையை வந்தடைந்தன. இன்று நகருக்குள் அது கழிவுநீர் தேங்கும் வாய்க்காலாய்க் கிடக்கிறது. பறக்கும் இரயிலின் தூண்கள் அதன் மார்பிலேயே ஊன்றி நிற்கின்றன.

அக்கால்வாயில் தோணியேறி மாமல்லபுரம் சென்ற செலவைப் பாவேந்தர் பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' என்னும் பாட்டில் பாடியுள்ளார். கலைச்செல்வத்தைக் காணச் செல்லும் நண்பர் குழுவின் உவகையோடு தொடங்கும் அப்பாட்டு, நடுவிலே திடுமெனத் திசை மாறுகிறது. கரையோரம் நடந்தபடி ஒருவன் தோளிலே கயிற்றைப் பூட்டித் தோணியை இழுக்கிறான். பின்புறத்தில் மற்றொருவன் முதுகு வளையக் கோலூன்றித் தள்ளுகிறான். நம் இன்பத்தின் மறுபக்கம் இன்னொருவரின் துன்பம் என்னும் எண்ணம் பாவேந்தரைச் சுடுகிறது. சிற்பத்தைக் காணச் சென்ற பாட்டு, உழைப்பைக் கண்டு திரும்பிய பாட்டாகிவிடுகிறது.

'ஓட்டியவர் யார்' என்னும் வினாவைத் தமிழில் இவ்வளவு நேராக எழுப்பிய பாட்டு வேறு எளிதில் நினைவுக்கு வருவதில்லை. எனினும் அதன் எல்லையையும் சொல்லுதல் வேண்டும். கயிறு இழுத்தவர்க்குப் பாட்டில் பெயரில்லை. அவர் பேசுவதையும் நாம் கேட்பதில்லை. இரக்கம் தோணிக்குள் இருக்கிறது; இரங்கத்தக்கவர் கரையில் நடக்கிறார். இரண்டிற்கும் நடுவே கயிற்றின் நீளம் அப்படியே இருக்கிறது. அந்நீளம் குறையும் இடம் ஏதேனும் உண்டா என்னும் வினாவோடு வங்காளத்திற்கு வருவோம்.

குஷீகஞ்சின் தகரக் கொட்டகை

இரவீந்திரர் தம் குடும்பத்து நிலங்களை மேற்பார்க்கும் பொருட்டு ஷிலைதஹ, ஷாஜாத்பூர், பதிசர் ஆகிய ஊர்களில் தங்கி, படகு வீட்டிலே பல காலம் வாழ்ந்தார் என்பது யாவரும் அறிந்தது. அந்நாளில் உறவினர்க்கு, சிறப்பாகத் தம் அண்ணன் மகள் இந்திராதேவிக்கு, எழுதிய கடிதங்களிலிருந்து தெரிந்தெடுத்தவையே 1912இல் 'சின்னபத்ர' என்னும் நூலாயின. அவற்றின் அழகைப் பலரும் எழுதிவிட்டனர். நாம் எடுத்துக்கொள்வது அதே காலத்தில், 1893இல், பிறந்த 'சமாப்தி' என்னும் சிறுகதை. 1961இல் சத்யஜித் ராய் 'தீன் கன்யா' என்னும் படத்தின் ஒரு பகுதியாக இதனைத் திரைக்குக் கொணர்ந்தார்.

இளங்கலைப் பட்டம் பெற்ற அபூர்வன் கொல்கத்தாவிலிருந்து படகேறித் தன் சிற்றூருக்கு வருகிறான். துறையில் படகு நின்றதும் படகோட்டி அவன் பையைத் தூக்க முன்வருகிறான். அபூர்வன் வேண்டாமென்று தடுத்து, தானே பையோடு துள்ளி இறங்குகிறான். இறங்கிய கணமே வழுக்கிச் சேற்றில் விழுகிறான். செங்கற் குவியலின்மேல் அமர்ந்திருந்த மிருண்மயி என்னும் குறும்புக்காரப் பெண் கலகலவென்று சிரிக்கிறாள். அச்சிரிப்பே கதையின் வித்து. படிப்பாளியின் தலைநிமிர்வு சேற்றில் புரண்ட அந்தக் கணத்தில்தான் அவனுக்கு ஒரு வாழ்க்கை தொடங்குகிறது. நகைச்சுவைக்காக வைத்த நிகழ்ச்சியாகவே பலரும் இதனைக் கடந்துவிடுவர். படகோட்டியின் கை தடுக்கப்பட்டது என்பதனைச் சேர்த்துப் படித்தால் இதன் பொருள் ஆழ்ந்துவிடுகிறது. நீர் எவ்வளவு அகலமாயினும் கடந்துவிடலாம். பிறர் கையை மறுத்துவிட்டுக் கரையேறுதல் கடினம்.

கதையின் உயிர்ப்பகுதி இதற்குப் பின்னரே வருகிறது. மிருண்மயியின் தந்தை ஈசானர் தொலைவிலுள்ள குஷீகஞ்சில் ஒரு நீராவிக்கப்பல் கம்பெனியின் எழுத்தர். சரக்கை ஏற்றி இறக்குவதும் பயணச்சீட்டு விற்பதும் அவர் வேலை. தம் மகளின் திருமணத்திற்கே அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. பூசை விடுமுறைவரை நாளைத் தள்ளிவைக்க வேண்டினார். மாப்பிள்ளை வீட்டார் இசையவில்லை. பெற்றவர் இல்லாமலே மகளின் மணம் நடந்தேறியது. புகுந்த வீட்டின் கட்டுப்பாடு தாளாத அச்சிறு பெண், ஓரிரவு எழுந்து ஆற்றங்கரைக்கு ஓடித் தந்தையிடம் செல்ல வழி தேடுகிறாள். தன் ஊர்ப் படகோட்டி வனமாலியைக் கண்டு, குஷீகஞ்சுக்குக் கொண்டுவிடச் சொல்கிறாள். அவன் படகில் ஏற்றிக்கொள்கிறான், அவள் உறங்கிப்போகிறாள், விழித்துப் பார்த்தால் புகுந்த வீட்டிலேயே கிடக்கிறாள்.

வனமாலி செய்தது உதவியா, வஞ்சனையா? இரவீந்திரர் தீர்ப்புக் கூறவில்லை. நள்ளிரவில் தனித்து வந்த பெண்ணை வீடு சேர்த்தவன் என்னும் வகையில் அவன் ஊரின் மனச்சான்று. அவள் நம்பிக்கையை உறக்கத்தில் கைவிட்டவன் என்னும் வகையில் ஊரின் சிறைக்காவலன். ஊர் என்பது எப்போதும் இவ்விரண்டுமாகவே இருந்திருக்கிறது என்பதை, ஒரு படகோட்டியைக் கொண்டு சில வரிகளில் உணர்த்திவிடுகிறார் ஆசிரியர்.

பின்னர் அபூர்வனே அவளை அழைத்துச் செல்கிறான். தாயிடம் சொல்லாமல் இரவிலே இருவரும் படகேறுகின்றனர். வழியெல்லாம் மிருண்மயி கேள்வி கேட்டுக்கொண்டே வருகிறாள். அந்தப் படகில் என்ன இருக்கிறது? இந்த ஊருக்குப் பெயர் என்ன? அவன் கல்லூரியில் படித்த எந்த நூலிலும் இவற்றிற்கு விடையில்லை. ஆகவே எள்ளேற்றிய படகை ஆளிவிதைப் படகு என்கிறான். ஓர் ஊருக்கு வேறோர் ஊரின் பெயரைச் சூட்டுகிறான். முன்சீப் நீதிமன்றத்தை ஜமீன் கச்சேரி என்கிறான். அவளோ யாவற்றையும் நம்புகிறாள். தான் பிறந்த நாட்டின் நீரைப் படித்தவன் அறியான் என்னும் நகைப்பும், அறியாதவன் சொல்லையும் அன்பு ஏற்றுக்கொள்ளும் என்னும் கனிவும் ஒருங்கே அமைந்த இடம் இது.

மறுநாள் மாலை குஷீகஞ்ச் சேர்கின்றனர். தகரக் கொட்டகையில், அழுக்கேறிய விளக்கொளியில், மேலாடையின்றிக் குனிந்து கணக்கெழுதிக்கொண்டிருக்கிறார் ஈசானர். அந்த அறையில் அதுகாறும் ஒலித்திராத ஒரு குரல் 'அப்பா' என்று அழைக்கிறது. மகளையும் மருமகனையும் எங்கே அமர்த்துவதென்று தெரியாமல் அவர் தவிக்கிறார். மூவரும் சேர்ந்து சமைக்கின்றனர். பிழைபடச் சமைத்து மகிழ்ந்து உண்கின்றனர். பகலில் கப்பல் வந்து ஆரவாரம் செய்து போகும். மாலையில் ஆற்றங்கரை வெறிச்சோடிவிடும். அவ்வெறுமையே அவர்களுக்குக் கொண்டாட்டம். இவ்வாறு மூன்று நாள் கழிகிறது. இன்னும் ஒருநாள் தங்கலாமா என்று அபூர்வன் கேட்கும்போது, வேண்டாமென்று சொல்பவர் ஈசானரே.

அவர் ஏன் மறுத்தார்? நான்காம் நாள் பிரிவு மூன்றாம் நாள் பிரிவைக் காட்டிலும் கொடிதாயிருக்கும் என்று அறிந்த முதியவரின் மறுப்பு அது. மகளும் மருமகனும் புறப்பட்ட பின்னர் கதை அவர்களோடு உடனே ஓடிவிடவில்லை. ஒரு கணம் நின்று, முன்னிலும் இருண்டுபோன அந்தக் கொட்டகைக்குத் திரும்பும் ஈசானரையும், நாள்தோறும் மாதந்தோறும் அவர் சரக்கை நிறுத்துக்கொண்டிருப்பதையும் காட்டிவிட்டே நகர்கிறது. இந்த ஒரு கணத்திற்காகவே 'சமாப்தி'யை உலகின் சிறந்த கதைகளுள் ஒன்றாக நாம் மதிக்கலாம். கதையின் தலைவனும் தலைவியும் காதலில் ஒன்றுகூடுவது பின்னால் நிகழ்கிறது. ஆனால் துறையில் நின்றவரை இரவீந்திரர் மறக்கவில்லை. கவைமகனாரின் தோழிக்கும் குஷீகஞ்சின் எழுத்தருக்கும் இடையே உள்ள உறவு இதுவே.

காட்டில் விடப்பட்ட சிறுவன்

உறவு என்றால் குருதி உறவு மட்டுமா என்னும் வினாவைச் சுந்தரவனத்தின் மக்கள் தம் வழிபாட்டுக் கதையிலேயே எழுப்பியிருக்கின்றனர். 'போன்பீபி ஜொஹுராநாமா' என்னும் அக்கதைப்பாட்டு வங்காளியில் அமைந்தது. ஆயினும் அரபு நூலைப்போல வலப்புறமிருந்து ஏடு புரட்டும் வகையில் அச்சாவது. போன்பீபி என்றால் காட்டின் தலைவி. இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே வணங்கும் தெய்வம் அவள். தேனெடுக்கவும் விறகு வெட்டவும் காட்டுக்குள் செல்வோர் அவளை வணங்கியே செல்வர்.

துக்கே என்னும் ஏழைச் சிறுவனை, உறவினனான தனா தன் படகுகளில் ஒன்றில் ஏற்றிச் செல்கிறான். கைம்பெண்ணான தாய், சொந்தக்காரன் என்னும் நம்பிக்கையால் அனுப்பிவைக்கிறாள். இடர் வந்தால் போன்பீபியை அழை என்று மட்டும் மகனுக்குச் சொல்லிவிடுகிறாள். புலியுருக் கொண்ட தக்கிணராயன், தேனும் மெழுகும் தருவதற்கு விலையாகச் சிறுவனைக் கேட்கிறான். தனா இசைகிறான். விறகு பொறுக்கச் சொல்லிச் சிறுவனைக் கரையிறக்கிவிட்டுப் படகுகளைச் செலுத்திச் சென்றுவிடுகிறான். சேற்றில் தனித்து நின்ற துக்கே தாய் சொன்னபடி அழைக்கிறான். போன்பீபி வந்து காத்து, முதலையின் முதுகிலேற்றித் தாயிடம் அனுப்புகிறாள். வஞ்சித்த தனாவை மன்னிக்கவும் அவளே கற்பிக்கிறாள்.

உறவினனின் படகு கைவிட்டது. முதலையின் முதுகு கரைசேர்த்தது. குறுந்தொகைத் தோழி எந்த முதலையை நினைந்து நடுங்கினாளோ, அதே முதலை இங்கே தோணியாகிறது. சேற்றிலே யார் கைகொடுக்கிறாரோ அவரே உறவு என்னும் அறத்தை எழுத்தறியாத மக்கள் தம் காட்டின் சட்டமாகவே வைத்திருக்கின்றனர்.

இந்த அறத்தை நாவலாக விரித்தவர்களுள் அதீன் பந்தோபாத்யாயரை இங்கே நினைவுகூர வேண்டும். அவருடைய 'நீலகண்ட பாகீர் கோஜே', கொல்கத்தாவில் நெடுங்காலம் வாழ்ந்த சு. கிருஷ்ணமூர்த்தியின் கைவண்ணத்தில் 'நீலகண்டப் பறவையைத் தேடி' என்று தமிழாகியிருக்கிறது. பிரிவினைக்கு முந்திய கிழக்கு வங்காளத்தில், ஆற்று மணல்திட்டில் தர்பூசணித் தோட்டம் காக்கும் ஈஷம் ஷேக், தாக்கூர் குடும்பத்தின் ஊழியன். ஆயினும் சிறுவன் சோனாவுக்கு அவன் குருதி உறவினர்க்குக் குறைந்தவனல்லன். அக்குடும்பம் இந்தியாவுக்குப் பெயரும்போது, காணாமற்போன பெரியப்பாவுக்குத் தாங்கள் சென்ற இடத்தைத் தெரிவிக்க, சோனா ஒரு மருத மரத்தில் செய்தியைச் செதுக்கி வைக்கிறான். துறையில் நிற்பவரைப் பற்றிய கவலை, பிரிவினை இலக்கியத்தில் எடுத்த பெருவடிவம் அது.

ஓத நாட்டில் ஒரு மொழிபெயர்ப்பாளர்

நம் காலத்துப் படைப்பாக, 2004இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அமிதவ் கோஷின் 'தி ஹங்ரி டைட்' என்னும் நாவலை எடுத்துக்கொள்வோம். கொல்கத்தாவில் பிறந்த இவர் 2018ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசைப் பெற்றார். ஆங்கிலத்தில் எழுதி அப்பரிசை முதன்முதல் பெற்றவர் இவரே. நாவலின் களம் சுந்தரவனம். வங்காளத்தார் அதனை வற்றத்தின் நாடு என்னும் பொருளில் 'பாட்டீர் தேஷ்' என்பர். நீர் வற்றும்போது மட்டுமே அங்கே நிலம் பிறக்கிறது. அந்நிலம் தமிழர்க்கு முற்றிலும் அயலன்று. அங்கே 'கேவா' என்று வழங்கும் மரமே நம் தில்லை மரம். சிதம்பரத்திற்குப் பெயர் தந்ததும் பிச்சாவரத்துக் கழியில் இன்றும் நிற்பதும் அம்மரமே.

கதையில் கனாய் என்பவன் டெல்லியில் மொழிபெயர்ப்பு நிறுவனம் நடத்துபவன். பல மொழி வல்லவன். சிறுவனாக 1970இல் சென்ற பின்னர், முப்பதாண்டுக்கு மேல் கழித்து, லுசிபாரி என்னும் கற்பனைத் தீவில் மருத்துவமனை நடத்தும் தன் பெரியம்மா நீலிமாவைக் காணச் செல்கிறான். மறைந்த பெரியப்பா நிர்மல் அவனுக்கென விட்டுச் சென்ற குறிப்பேடு கிடைத்திருக்கிறது. தாண்டகாரணியத்திலிருந்து வந்து மரிச்ஜாப்பித் தீவில் குடியேறிய ஏதிலியர், 1979இல் முற்றுகையிடப்பட்டு வெளியேற்றப்பட்ட கொடுமையை அக்குறிப்பேடு சொல்கிறது. நம்மவர் பலர் வாழும் ஏரிப்பகுதிக்கு அண்மையிலுள்ள டாக்குரியா நிலையத்தில்தான் கதை தொடங்குகிறது. அங்கிருந்து கானிங்கிற்கு இரயில், பின்னர் நீர்வழி. இன்று மாத்லா ஆற்றின்மேல் பாலம் வந்துவிட்டது; கோத்காலி வரை வண்டியிலேயே செல்லலாம். எனினும் கோசாபாவுக்கு அப்பாலுள்ள உறவினரைக் காண்பதற்கு இன்றும் படகே துணை.

அதே இரயிலில் பியா என்னும் பெண்ணும் வருகிறாள். வங்காளிப் பெற்றோர்க்குப் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஆராய்ச்சியாளர் அவள். ஆற்று ஓங்கில்களைத் தேடி வந்தவளுக்கு வங்காளி தெரியாது. அவள் வீட்டில் வங்காளி என்பது பெற்றோர் சச்சரவிட்ட மொழி; ஆகவே அவள் நெஞ்சம் அதற்குக் கதவடைத்துவிட்டது. இந்த ஓர் இடத்தில் புலம்பெயர்ந்த குடும்பங்கள் யாவும் சற்று நின்று படிக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லை என்று வருந்தும் நாம், எந்தத் தமிழ் அவர்கள் செவியில் விழுந்தது என்று கேட்டதுண்டா? கண்டிக்கவும் குறைகூறவும் மட்டுமே வீட்டில் தமிழ் பயன்படுமானால், பிள்ளை அம்மொழியைத் துறப்பது இயல்பேயாகும்.

நீரில் விழுந்த பியாவைக் காப்பவன் ஃபோகிர் என்னும் மீனவன். எழுத்தறியாதவன், மரிச்ஜாப்பியில் தாயை இழந்தவன். தன் சிறு மகனுடன் வந்த அப்படகிலேயே அவளுக்கு இடம் தருகிறான். அவள் உடைமாற்ற மறைப்பும் அமைத்துக் கொடுக்கிறான். இருவருக்கும் பொதுமொழி ஒன்றுமில்லை. ஆயினும் ஓங்கில் எங்கே வரும் என்பதை அவன் அறிவான். அதனை எவ்வாறு அளப்பது என்பதை அவள் அறிவாள். கயிற்றின் நீளம் குறையும் இடத்தைத் தேடினோமே, அது இங்கே கிடைக்கிறது. ஓட்டுபவரும் செல்பவரும் ஒரே படகில், ஒரே வேலையில் அமர்ந்திருக்கின்றனர்.

இதற்கு எதிர்ப்புறத்தில் ஆசிரியர் கனாயை நிறுத்துகிறார். கர்ஜன்தோலா என்னும் தீவில் ஃபோகிரோடு இறங்கிய அவன் சேற்றில் வழுக்கி விழுகிறான். உடனே வெளிப்படுவது சிரிப்பன்று, இழிசொல். பல மொழி கற்ற நா, படகோட்டியை நோக்கி நகரத்து ஆண்டையின் வசவைக் கொட்டுகிறது. அபூர்வன் விழுந்த சேற்றில் காதல் முளைத்தது. கனாய் விழுந்த சேற்றில் அவன் குலமும் செல்வமும் கற்பித்த இறுமாப்பு மேலெழுந்து வந்தது. ஏறத்தாழ நூற்றுப் பதினோராண்டு இடைவெளியில் எழுதப்பட்ட இவ்விரு வீழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தல் நன்று. இரவீந்திரர் கண்ட சேறு ஊரின் முற்றத்தைச் சேர்ந்தது. விழுந்தவனை அறிந்தவர் சுற்றிலும் இருந்தனர். கோஷ் கண்ட சேற்றில் விழுந்தவன் யார் என்பதை அவனே அப்போதுதான் அறிகிறான். பின்னர் அவன் செய்யும் நற்செயல், போன்பீபி கதையை, ஃபோகிர் பாடிய பாட்டை, பியாவுக்காக மொழிபெயர்த்துத் தருவதே. மொழி வல்லமை வசவிலிருந்து கைகொடுத்தலாக மாறும் அப்பகுதி, மொழிபெயர்ப்பின் அறம் பற்றிய சிறந்ததொரு பாடம்.

இந்நாவலிடம் நமக்கொரு குறையும் உண்டு. அதனைச் சொல்லாமல் விடுதல் திறனாய்வாகாது. முடிவில் சூறாவளியில் பியாவைத் தன் உடலால் மறைத்துக் காத்து ஃபோகிர் உயிர் துறக்கிறான். பியா லுசிபாரிக்கே திரும்பிவந்து, அவன் பெயராலேயே ஆராய்ச்சிப் பணியைத் தொடங்க முனைகிறாள். நெஞ்சை உருக்கும் முடிவுதான். ஆயினும் மறுத்துப் பேச அவன் இல்லாதபோதுதான் அவன் பெயர் பணிக்குச் சூட்டப்படுகிறது. அவன் மனைவி மொய்னா செவிலியாகத் தேற விரும்பியவள். மகன் டுட்டுல் பள்ளி செல்ல வேண்டியவன். இழப்பின் முழுப் பாரமும் அவர்களுடையது. அவர்கள் அதை எவ்வாறு சுமந்தனர் என்பதைக் காண நாவல் ஈசானருக்கு இரவீந்திரர் தந்த ஒரு கணத்தைப்போன்ற ஒரு கணத்தைப் போதிய அளவு தரவில்லை. பெரிய நாவல் தவறவிட்டதைச் சிறுகதை பிடித்துவைத்திருக்கிறது.

நமக்கு இதனால் ஆவது என்ன?

நம் உறவுச் செலவு நீர்வழியன்று, இருப்புப்பாதை வழி. மெயிலிலோ, 1977இல் தொடங்கிய கோரமண்டல் விரைவு வண்டியிலோ ஏறினால், 1,600 கிலோமீட்டருக்கு மேல் கடந்து சென்னை சேர்கிறோம். அங்கிருந்து தஞ்சைக்கோ நெல்லைக்கோ மற்றுமோர் இரவு. படகைப்போல வண்டி காற்றுக்கும் ஓதத்திற்கும் காத்திருப்பதில்லை. ஓட்டுபவர் முகத்தையும் நாம் காண்பதில்லை. ஆகவே 'ஓட்டியவர் யார்' என்னும் வினாவை நாம் மறந்துவிடுதல் எளிது.

மறக்கலாகாது. இந்நகரில் முதன்முதல் இறங்கிய தலைமுறைக்கும் ஒரு சேற்று நிலம் இருந்தது. மொழி அறியாத ஊரில் வாடகைக்கு வீடு காட்டியவர், பிள்ளைக்குப் பள்ளியில் இடங்கேட்டு உடன் வந்தவர், பேறுகாலத்தில் நள்ளிரவில் வண்டி பிடித்துவந்த அண்டை வீட்டுக்காரர் யாவரும் வனமாலியின் இனத்தவர். அவர்களுள் பலர் வங்காளிகள். பலர் பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களைப் பற்றிக் கொல்கத்தாத் தமிழர் எழுதிய கதைகள் எத்தனை? தமிழின் தொன்மை பற்றி நம் மலர்களில் எழுதப்படும் கட்டுரைகள் பெருமைக்குரியவை. ஆனால் நம்மைக் கரையேற்றிய கைகளைப் பற்றி எழுத வேண்டியவர் நாமன்றி வேறு யார்? சு. கிருஷ்ணமூர்த்தி வங்காளத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். வங்காளத்தில் வாழ்ந்த தமிழரைத் தமிழுக்குக் கொண்டுவரும் பணி எஞ்சியிருக்கிறது.

மற்றோர் எஞ்சிய பணியும் உண்டு. விடுமுறைக்கு ஊர் சென்று மீளும் நம் கதைகளில் புறப்பாடும் வழியும் விருந்தும் நிறைய இருக்கும். வண்டி நகர்ந்த பின்னர் நடைமேடையில் நின்றவர் வீடு திரும்பி என்ன செய்தார் என்பது பெரும்பாலும் இராது. மூன்று நாள் சமையலுக்குப் பின்னர் ஒருவருக்கு மட்டும் உலை வைப்பது எப்படி? நான்காம் நாளை வேண்டாமென்று மறுத்தவர், அந்த நான்காம் நாளில் எங்கே அமர்ந்திருந்தார்? இதனை எழுதுபவர் புதிய உத்தி எதனையும் தேட வேண்டுவதில்லை. குஷீகஞ்சின் தகரக் கொட்டகை அவருக்கு வழி காட்டும். அங்கே மாலைக் கப்பல் போய்விட்டது. ஈசானர் விளக்கின் புகையைத் துடைத்துவிட்டு, நாளைய சரக்குக்காகத் தராசைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்.